திறப்பதா, வேண்டாமா?

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஆண்டில் மூன்று மாதந்தான் பொன்விளையும் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் அடிபடும் கொழுந்தில் மெதைல் சலிசிலேற்று என்ற வாசப்பொருள் தூக்கலாக இருக்கும். வலிக்குப் பூசும் தைலங்களில் மூக்கைத் துளைப்பதும் இதே பொருள்தான். ஊவா சீசன் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்புக் கிடைப்பதற்கு இந்த வாசம் முக்கியக் காரணம்.

அந்த மூன்று மாதத்துக்குள் ஒருநாள் சுவை பார்க்கிறார்கள். கோப்பையில் புகை வாடை அடிக்கிறது. சந்தேகம் முதலில் விழுவது ட்ரையரின் மேல்.

விறகடுப்பில் சூடாகும் ட்ரையரில் புகை போகும் வழி வேறு, தேயிலையை உலர்த்தும் காற்று போகும் வழி வேறு. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரும்புக் குழாயின் சுவர் மட்டுமே. குழாய்க்குள் புகை, வெளியே காற்று. அந்தக் காற்று 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாகி, நொதித்த இலையின் ஈரத்தை ஏறக்குறைய 20 நிமிடத்தில் 3 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறது. விசிறி அடுப்பின் ஊடாகக் காற்றை உறிஞ்சும் அமைப்பில், குழாய் எங்காவது வெடித்துவிட்டால் காற்றுப் பக்கத்தின் குறைந்த அழுத்தம் புகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தேயிலையோ பக்கத்தில் உள்ள எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும் பண்டம். புகை ஏறிய தூளைப் பிறகு மீட்க முடியாது.

இப்போது பட்டறை மெக்கானிக்கின் நிலையை நினைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, செங்கல்லைப் பிரித்துக் குழாய்களை வெளியே எடுத்தால் வேலை நாள்கணக்கில் இழுக்கும்; வாட்டும் மாடியில் கிடக்கும் கொழுந்து பாழாகும். திறக்காமல் விட்டால் அடுத்த தூளும் கெடும். திறந்து பார்த்து, குழாயில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் அது இன்னும் பெரிய நட்டம்.

உட்புறம் பார்க்கும் கமரா இந்த இக்கட்டுக்குத்தான் வேண்டும். கராஜ்களில் எண்டோஸ்கோப் என்பார்கள். பொறியியல் வட்டாரத்தில் போர்ஸ்கோப். வயரின் நுனியில் பட்டாணி அளவுக் கமரா, அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு எல்.ஈ.டி. விளக்குகள், மறுமுனையில் ஸ்மார்ட்போன். சாதாரண வகை சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறது. இது எந்தப் பழுதையும் நீக்காது. திறப்பதா, வேண்டாமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். மலைநாட்டில் பல நேரம் பழுதுவேலையை விட அந்த விடைக்குத்தான் விலை அதிகம்.

கண்ணை உள்ளே அனுப்பிய கதை

மூடிய இடத்துக்குள் பார்வையை அனுப்ப முதலில் ஆசைப்பட்டவர்கள் மருத்துவர்கள். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் பிலிப் பொட்சினி 1806 இல் மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் குழாயும் சேர்த்து, உடலின் துவாரங்களுக்குள் ஒளியைச் செலுத்தும் கருவி ஒன்றை அறிமுகப்படுத்தினார். உள்ளே ஒளி போகவேண்டும், அதே வழியில் பிம்பம் திரும்பவேண்டும்: அவர் பிடித்த இந்த இரட்டைப் பிரச்சினைதான் இன்றைய கமரா வரைக்கும் தொடர்கிறது.

பட்டறைக்கு இது வந்ததும் மருத்துவர் வழியாகவே. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு நீராவிச் சுழலிகளின் அச்சுத் துளைக்குள் குறை இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. ஜோர்ஜ் கிராம்ப்டன் என்ற மருத்துவர் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியின் வழியைப் பின்பற்றி அதற்கொரு குழாய்க் கருவி செய்துகொடுத்தார். ஆனால் அது நேரான, விறைப்பான குழாய். வளைவில் அதற்கு வேலையில்லை.

வளைவைக் கடந்தது கண்ணாடி இழை. இழைக்குள் சாய்வாக நுழையும் ஒளி, சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே தெறித்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். முழு அகத்தெறிப்பு என்று பாடசாலையில் படித்தது இதைத்தான். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹொப்கின்ஸுடன் சேர்ந்து, பல்லாயிரம் இழைகளைக் கட்டிப் பிம்பத்தையே வளைத்துக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த ஆய்வு 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஈர்க்குக் கட்டைப் போல் இழைகளைச் சும்மா சேர்த்துக் கட்டினால் ஒளி மட்டும் போகும். ஒரு முனையில் எந்த இழை எங்கே இருக்கிறதோ மறுமுனையிலும் அது அங்கேயே இருந்தால்தான் படம் தெரியும். ஒவ்வோர் இழையும் படத்தின் ஒரு புள்ளி. ஓர் இழை முறிந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும்.

அடுத்த தாவலில் இழையே தேவையற்றுப் போனது. படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குப் பதில், படமெடுக்கும் சில்லையே நுனியில் பொருத்திவிட்டார்கள். கைபேசிக் கமராக்கள் பெருகப் பெருக இந்தச் சில்லுகள் சிறுத்தன, மலிந்தன. ஒம்னிவிஷன் நிறுவனம் 2019 இல் காட்டிய ஒரு சில்லின் அகலம் 0.575 மில்லிமீற்றர்தான். அது மருத்துவத்துக்கானது. ஆனால் கராஜில் நாம் வாங்கும் 5.5 மி.மீ. கமராவும் இதே வழியில் வந்தது.

கமரா இல்லாத காலத்திலும் திறக்காமல் பார்க்கும் வித்தையை நல்ல இயந்திர வடிவமைப்பாளர்கள் அறிந்திருந்தார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். பின்னாளில் இந்த மலைப்பாதையில் ஓடிய எம்6 ரக டீசல் வண்டிகளில் இருப்பது அமெரிக்காவின் ஈ.எம்.டி. வடிவமைத்த 645 ரக டூ ஸ்ட்ரோக் இஞ்சின். அதன் சிலிண்டர் சுவரைச் சுற்றிக் காற்று நுழையும் துளைகள் உண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, இஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் பிஸ்டனும் ரிங்குகளும் அந்தத் துளைகள் வழியே ஒவ்வொன்றாகத் தெரியும். ஹெட்டில் கை வைக்கவேண்டியதில்லை. துளை எங்கே என்று தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

துளையை அளந்த பிறகு கமரா

கமரா வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மெகாபிக்சல். முதலில் பார்க்கவேண்டியது நுனியின் விட்டம். எவ்வளவு துல்லியமான கமராவானாலும் துளைக்குள் நுழையாவிட்டால் பயனில்லை.

பழைய பெட்ரோல் இஞ்சின்களில் பிளக் துளையின் மரை பெரும்பாலும் 14 மி.மீ.; புதியவற்றில் 12, சிலவற்றில் 10. மரையின் உட்பக்கம் இன்னும் குறுகல்; 10 மி.மீ. மரைக்குள் உண்மையில் கிடைக்கும் இடம் 9 மி.மீ. அளவுதான். 8 மி.மீ. கமரா அதற்குள் நுழைந்தாலும் அசைக்க இடமிருக்காது. 5.5 மி.மீ. தாராளமாகப் போகும். டீசல் இஞ்சினின் குளோ பிளக் துளை வெளியே 10 மி.மீ. மரையாகத் தெரிந்தாலும் அடியில் 5 மி.மீ. அளவுக்கு ஒடுங்கும். அங்கே 5.5 கூட நிற்கும், 3.9 மி.மீ. வகைதான் போகும்.

துளை இருப்பதும் போதாது, அது எங்கே போய்ச் சேருகிறது என்பதும் தெரியவேண்டும். நம் ஊர்ப் பாதைகளில் இன்னும் ஓடும் பழைய டொயோட்டா ஹையேஸ் வேன்களின் 2எல், 3எல், 5எல் இஞ்சின்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள சிறு அறைக்குள் எரிந்துதான் சிலிண்டருக்குள் இறங்குகிறது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கமராவை விட்டால் அந்த அறையின் சுவர்தான் தெரியும். சிலிண்டரைப் பார்த்துவிட்டதாக நினைத்து, “சுவர் சுத்தமாக இருக்கிறது” என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடக்கூடாது.

விட்டத்துக்கு அடுத்தது குவியத் தூரம். மலிவுக் கமராக்களின் லென்ஸ் ஒரே தூரத்துக்கு அமைத்து ஒட்டப்பட்டது. பெரும்பாலானவை 3 முதல் 8 சென்ரிமீற்றர் தூரத்தில் தெளிவாகக் காட்டும். அதைவிட நெருங்கினால் மங்கும். கியர் பெட்டி போன்ற நெருக்கமான இடங்களுக்கு வாங்குவதானால் கிட்டத் தெளிவைக் கடையிலேயே சோதியுங்கள். ஒரு ரூபா நாணயத்தை 2 செ.மீ. தூரத்தில் பிடித்து எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பெட்டியில் எழுதிய ‘1080’ என்ற எண்ணை விட அந்தச் சோதனை நம்பத்தக்கது. சிறிய சில்லு எடுத்த படத்தை மென்பொருளால் பெரிதாக்கி அந்த எண்ணைப் போட்டுவிடும் வழக்கம் உண்டு. புள்ளிகள் கூடும், விவரம் கூடாது.

மூன்றாவது, பக்கப் பார்வை. சிலிண்டரின் சுவரும் வால்வும் நுழையும் வழிக்குப் பக்கத்தில் இருப்பவை. நேரே மட்டும் பார்க்கும் கமராவுக்கு பிஸ்டனின் தலைதான் நன்றாகத் தெரியும். பக்கத்தில் இரண்டாவது லென்ஸ் உள்ள வகையோ, நுனியைச் சக்கரத்தால் வளைக்கும் வகையோ கொஞ்சம் கூடுதல் விலை. இஞ்சின் வேலைக்கு அந்தக் கூடுதல் தகும். நுனியில் மாட்டும் சிறு கண்ணாடி மலிவானது, ஆனால் அது கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் திறக்கவேண்டாம் என்று வந்த வேலை திறந்தே தீரவேண்டிய வேலையாகிவிடும். இஞ்சினுக்குள் விடும்போது கண்ணாடி, கொக்கி, காந்தம் மூன்றையும் கழற்றிவிடுங்கள்.

நான்காவது, வயர். இஞ்சினுக்கு ஒரு மீற்றர் போதும். ட்ரையர் குழாய்க்கு நீளமும் விறைப்பும் வேண்டும்; மெல்லிய கம்பியோடு சேர்த்துக் கட்டியும் தள்ளலாம். போனோடு இணைப்பதற்கு வைஃபையை விட யூ.எஸ்.பி. வயர் மேல். வைஃபையில் படம் சற்றுப் பிந்தி வரும். கை ஒரு பக்கம் போக, படம் இன்னொரு பக்கம் காட்டும்.

பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருந்தால், ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றே பொருள். டீசலும் இஞ்சின் ஒயிலும் தண்ணீர் அல்ல. நுனியின் பசையையும் வயரின் உறையையும் அவை தின்னும். ஒவ்வொரு முறையும் துடைத்து வையுங்கள். வெப்பத்திலும் எல்லை உண்டு. பெரும்பாலான நுனிகள் 70 பாகைக்கு மேல் தாங்காது. ஓடி நிறுத்திய இஞ்சின் 80, 90 பாகையில் இருக்கும். ஆறும்வரை பொறுக்கவேண்டும்.

சிலிண்டருக்குள்

பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வண்டி இழுவை இல்லாமல் தவிக்கிறது என்றால், கராஜில் முதலில் எடுப்பது கம்ப்ரஷன் மானி. மலையில் அந்த மானிக்கு ஒரு கூத்து உண்டு. ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில் உள்ள ஹப்புத்தளையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 85 சதவீதம் அளவுதான். உறிஞ்சும் காற்றே குறைவு என்பதால் நல்ல இஞ்சினும் கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டாது. ஒரே வண்டிக்குக் கொழும்பில் ஓர் எண், பதுளையில் ஓர் எண், ஹப்புத்தளையில் இன்னோர் எண். ஆகவே இங்கே எண்ணை மட்டும் நம்பி ஹெட்டைத் தூக்கக்கூடாது. எல்லா சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மற்றவற்றை விடத் தாழ்ந்து நிற்கும் சிலிண்டருக்குள் கமராவை விடுங்கள்.

உள்ளே எதைப் பார்ப்பது? நல்ல சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். அவை தேய்மானமல்ல; ஒயில் தங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்டவை. அவை அழிந்து சுவர் பளபளத்தால் தேய்மானம். மேலிருந்து கீழாக நேர்க்கோடு தெரிந்தால் உராய்வுக் காயம். வெளியேற்று வால்வின் விளிம்பில் ஒரு துண்டு கரைந்துபோயிருந்தால் கம்ப்ரஷன் அங்கேதான் கசிகிறது. ஹெட்டை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மலைப்பாதையில் அடிக்கடி ஏமாற்றுவது சுத்தமான பிஸ்டன். மற்ற மூன்று பிஸ்டன்களின் தலையும் கரி பிடித்துக் கறுத்திருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் மகிழவேண்டாம். ரேடியேற்றர் தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் கசிந்து, ஆவியாகி, கரியைக் கழுவியிருக்கிறது. ஏற்றத்தில் கொதித்த இஞ்சினின் ஹெட் கஸ்கட் போயிருக்கக்கூடும். உறுதிப்படுத்த வேண்டுமானால் ரேடியேற்றருக்கு அழுத்தமானி மாட்டி, காற்றடித்து, இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் கமராவை விட்டால் பிஸ்டன் தலையில் தண்ணீர்த் துளி நிற்கும்.

ஒயில் படிந்த சுவரில் எல்.ஈ.டி. வெளிச்சம் கோடு கோடாக மின்னும். அதைக் காயம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். நுனியை இலேசாக அசையுங்கள். கோடு வெளிச்சத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது ஒயிலின் பளபளப்பு. சுவரோடு நிலையாக நின்றால் அது காயம். வெளிச்சத்தைக் குறைத்தும் பாருங்கள். முழு வெளிச்சத்தில் வெள்ளையாக எரிந்துபோகும் இடங்கள் பாதி வெளிச்சத்தில் விவரமாகத் தெரியும்.

கமராவில் அளவுகோல் இல்லை. கிட்டப் பிடித்தால் மயிரிழைக் கீறலும் பள்ளம்போல் தெரியும். அளவு தெரிந்த ஒன்றைப் படத்துக்குள் கொண்டுவருவதுதான் மருந்து: ஒரு மில்லிமீற்றர் கம்பியைக் கூடவே நுழைத்துக் கீறலின் பக்கத்தில் பிடித்தால் போதும். கம்பி கையிலிருந்து நழுவாதபடி வெளிமுனையை வளைத்துவிடுங்கள்.

கமரா உள்ளே இருக்கும்போது இஞ்சினைச் சுழற்றுவது கண்டிப்பாகக் கூடாது. வெளியே எடுத்து, சுழற்றி, மறுபடி விடுங்கள். பற்றரியின் முனையைக் கழற்றி வையுங்கள். பெட்ரோல் ஆவி நிற்கும் தாங்கிக்குள் இந்தக் கமராக்களை விடவே கூடாது. தீப்பொறி எழாத பாதுகாப்போடு இவை செய்யப்படவில்லை.

பனி இறங்கும் காலைகளில் இன்னொரு தொல்லை. குளிர்ந்த லென்ஸ் இளஞ்சூடான இஞ்சினுக்குள் போனதும் வியர்த்து, படம் முழுதும் வெள்ளையாகிவிடும். நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, துடைத்துவிட்டு நுழைத்தால் போதும்.

ரோலரும் ட்ரையரும்

கொழுந்தைச் சுருட்டும் ரோலரின் கியர் பெட்டியில் உருக்குத் திருகுப் பல்லோடு பொருந்தி ஓடும் சக்கரம் வெண்கலமாக இருந்தால், தேயவேண்டியது வெண்கலம் என்றே அதை அமைத்திருக்கிறார்கள். வடித்த ஒயிலில் மஞ்சள் மினுக்கம் கண்டால் ஒயில் நிரப்பும் துளை வழியே கமராவை விடலாம். மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இது முதல் வேலை. பிறகு ஒயிலை வடித்து, ஒரு பல்லில் சோக்கால் குறியிட்டு, ஒவ்வொரு பல்லாகக் கையால் நகர்த்திப் படமெடுங்கள். சுழற்றும்போதெல்லாம் நுனியைப் பற்கள் பொருந்தும் இடத்திலிருந்து விலக்கிவிடுங்கள். புதுச் சக்கரத்தில் ஆரம்பத்தில் விழும் சிறு குழிகள் ஓட ஓடச் சமப்படலாம். ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளமாகும் குழிகள் சமப்படுவதில்லை. எந்த வகை என்பதை ஒரே படம் சொல்லாது; சில வாரம் கழித்து அதே பல்லை மறுபடி எடுத்த படம் சொல்லும்.

ட்ரையர் குழாய்களில் பார்க்கவேண்டியது நெருப்புக்கு மிகக் கிட்டே உள்ள பகுதியும், குழாய் தட்டோடு சேரும் மூட்டுகளும். அடுப்பை மூட்டுவதும் அணைப்பதுமாக இரும்பு விரிந்து சுருங்கும் இடங்கள் அவை. முதலில் புகைக்கரியைத் துடைக்கவேண்டும். கரிக்கடியில் உள்ள வெடிப்பு எந்தக் கமராவுக்கும் தெரியாது. மெல்லிய வெடிப்பைப் பிடிக்க ஒளியையே சாட்சிக்கு அழைக்கலாம். காற்றுப் பக்கத்தில் பலமான விளக்கு ஒன்றை வைத்து, கமராவின் எல்.ஈ.டி.யை அணைத்துவிட்டு, அதைக் குழாயின் உட்புறமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். முழு இருட்டில் ஒரு கோடு ஒளிர்ந்தால் அதுதான் புகை போகும் வழி. நுனி எத்தனை சென்ரிமீற்றர் உள்ளே இருக்கிறது என்பதை வயரில் ஒட்டிய டேப் குறி சொல்லும். எந்தக் குழாய், எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் முழு அடுப்பையும் பிரிக்காமல் அந்த ஒன்றை மட்டும் மாற்றத் திட்டமிடலாம்.

கமராவுக்குத் தெரியாதவையும் உண்டு. குழாய்ச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குப் புறவொலி மானி வேண்டும். பெயரிங்கின் தேய்மானத்தைக் காதும் அதிர்வும் முந்திச் சொல்லும். நீராவிக் கொதிகலன் உள்ள தொழிற்சாலையில், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கேட்கும் பரிசோதனையை உரிய தகுதி பெற்றவர்தான் செய்யவேண்டும். போனில் எடுத்த படம் அதற்கு ஈடாகாது.

இந்தக் கருவியை வாங்கும் பட்டறைக்கும் கராஜுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பழுது வரும்வரை அதைப் பெட்டிக்குள் வைத்திருக்காதீர்கள். நன்றாக ஓடும் இஞ்சின், சத்தமில்லாத கியர் பெட்டி, புகை வாடை இல்லாத ட்ரையர் ஆகியவற்றுக்குள் இப்போதே விட்டுப் படமெடுத்து, இயந்திரத்தின் பெயரும் திகதியும் இட்டுச் சேமித்து வையுங்கள். நல்ல நிலையில் எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு எந்தக் கறையும் கோளாறாகத்தான் தெரியும். ஊவா சீசனுக்கு முந்திய ஜூன் மாதம் அந்தப் படங்களை எடுக்கத் தோதான காலம்.